கையை நிறுத்தும் தசைகள்

பேஸ்பால் வீச்சாளர் பந்தை விடும் தறுவாயில், அவருடைய மேற்கை உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரியை எட்டும். அதே வேகம் ஒரு முழு நொடி நீடித்தால் கை தன் அச்சிலேயே 19 முறை சுற்றிவிடும். அதைவிட எனக்கு வியப்பூட்டுவது அடுத்த கணம். பந்து போய்விட்டது, கையும் அதன் பின்னாலேயே போகப் பார்க்கிறது. அதை மூட்டோடு இழுத்து நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு, தோள்பட்டை எலும்பின் பின்பக்கம் ஒட்டிக்கிடக்கும் இரண்டு சிறு தசைகளுடையது.

ரொட்டேட்டர் கஃப் என்று மருத்துவர்கள் சொல்லும் நான்கு தசைகளில் அவையும் அடக்கம். மற்றவற்றில் ஒன்று மேலே, ஒன்று முன்னால். நான்கின் தசைநாண்களும் மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி இல்லாமல் தோளுக்கு நிலையில்லை. இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ, பள்ளிப் பந்தயத்தில் கரண்டிமேல் வைத்த எலுமிச்சம்பழத்தின் கதைதான். உருண்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் தோள்பட்டை எலும்பின் கிண்ணத்தைத் தொடுகிறது. கை இத்தனை திசைகளில் போக முடிவதே அதனால்தான்.

கையைத் தூக்கும்போது தோளின் மேலுள்ள பெரிய டெல்டாய்டு தசை உருண்டையை மேல்நோக்கி இழுக்கிறது. கஃப் தசைகள் அதைக் கிண்ணத்தோடு அழுத்தி வைக்கின்றன. மேலே கூரையாக நிற்கும் எலும்புக்கும் உருண்டைக்கும் நடுவே சுமார் 1 சென்டிமீட்டர்தான் இடம்; ஒரு தசைநாண் அதற்குள்தான் போகிறது. சிறு தசைகள் களைத்தால் உருண்டை மேலேறும், அந்த வழி குறுகும். ஜிம்முக்குப் போகிறவர்கள் கண்ணாடியில் தெரியும் மார்பையே வளர்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கவலை தருகிறது. முன்பக்கம் வலுக்க வலுக்க, பின்பக்கத் தசைகள் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடும்.

நார்வேயில் முதல்தர ஹேண்ட்பால் ஆட்டக்காரர்கள் 660 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. பாதி அணிகள் வாரம் மூன்று முறை, பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் தோளுக்கான பயிற்சிகளைச் செய்தன. அந்த ஆட்டக்காரர்களிடம் தோள் தொல்லைக்கான வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது. வெறும் பத்து நிமிடம்!

அவற்றில் எளிய ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி, பக்கவாட்டில் நின்று, கதவுக்கு மறுபக்கக் கையால் மறுமுனையைப் பிடியுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டியபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு மிக மெதுவாகத் திரும்ப விடுங்கள். அந்தத் திரும்பும் பாதியில்தான் தசைகள் கையை நிறுத்தப் பழகுகின்றன. பலர் அதைப் படாரென்று விட்டுவிடுகிறார்கள். பல மாதம் பந்தையே தொடாமல், ஒரே வாரத்தில் போட்டிக்குத் தயாராகும் அவசரமும் தோளைக் கெடுக்கும்.

அறுபது வயதுக்கு மேல் பலருக்கு, வலியே இல்லாமல் தசைநாண் கிழிந்திருப்பதுண்டு. ஸ்கேனில் கிழிசல் என்றதும் கலங்க வேண்டாம். ஆனால் கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் உடனே போங்கள். அறுந்த தசைநாண் நாளாக ஆக உள்ளிழுத்துக்கொள்ளும், அதன் தசையில் கொழுப்பு படியும். பிறகு தைத்துச் சேர்ப்பது கடினம்.