தறிச் சத்தம் நின்ற பிறகு

ஒருவரிடம் ஒன்றரை மணி நேரமாவது உட்கார்ந்து, அவர் பட்டதை அவர் சொல்லும் வரிசையிலேயே கேட்டு வாங்குவது ஆழ்நேர்காணல். கணக்கெடுக்க வருபவரிடம் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் இருக்கும். பதில் கட்டத்துக்குள் விழுந்தால் வேலை முடிந்தது. ஆழ்நேர்காணலுக்குப் போகிறவர் கொண்டுபோவது பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் குறித்த ஒரு தாள். எதை முதலில் கேட்பது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் பேச்சின் போக்கைப் பொறுத்தது. எத்தனை பேர் என்பதற்கு இதில் விடை கிடைக்காது. ஏன், எப்படி என்பதற்குத்தான் கிடைக்கும்.

திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். தறிக்கு நூல்தார் சுற்றும் பெண்ணிடம் “வேலைக்குப் போறீங்களாம்மா?” என்றால், “இல்லீங்க, வீட்லதான் இருக்கேன்” என்ற பதில் வரக்கூடும். வினாத்தாளில் அவர் வேலையில்லாதவர். “நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டுப் பார்த்தால், வாசல் தெளித்ததில் தொடங்கி, தார் சுற்றியது, இழை அறுந்தபோது அடுப்பை விட்டு ஓடி முடிச்சுப் போட்டது எல்லாம் வரிசையாக வரும். கூலி மட்டும் கணவர் பெயரில். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ‘வேலை’ என்ற சொல்லுக்குக் கேட்டவர் வைத்த பொருள் வேறு, சொன்னவர் வைத்த பொருள் வேறு.

இப்படிப் பேச வைக்க இடமும் நேரமும் கூடிவர வேண்டும். தறி ஓடும்போது ஒலிப்பதிவுக் கருவியில் தடதட சத்தம்தான் மிஞ்சும். கரண்ட் போன நேரமே நல்ல நேரம். அப்போதும் மாமியார் பக்கத்தில் இருந்தால் கேள்வி மருமகளுக்கு, பதில் மாமியாருடையது. அதனால் முதல் நாள் வீட்டார் எல்லோரிடமும் பேசிவிட்டு, தனியே பேச வேண்டியதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வது வழக்கம். பேச்சு நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவுவது புதியவர்கள் செய்யும் தவறு. “அப்புறம்?” என்று விட்டுச் சும்மா இருப்பது கடினம், முக்கியமானது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

பழைய நினைவுகளைக் கேட்பதற்கு வேறு சாமர்த்தியம் தேவை. ஆந்திர, சென்னை எல்லைத் தகராறில் நடுவராக இருந்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி 1959இல் எல்லையை மாற்றும் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம் ஏடுகளில் இருக்கிறது. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்தது என்பதை இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களிடம்தான் கேட்க முடியும். “எல்லை மாறினது உங்களைப் பாதிச்சுதா?” என்பது பயனற்ற கேள்வி. “அப்போ எத்தனாவது படிச்சீங்க? அடுத்த வருஷப் புஸ்தகம் எந்த மொழியில இருந்துச்சு?” என்று கேட்டால் கதை வரும். ஆண்டு நினைவில்லாதவருக்கு ‘எம்.ஜி.ஆர். சுடப்பட்டதுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்பது போதும். அது 1967 ஜனவரி. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவர், எந்த இடத்தில் மொழி மாறினார் என்பதும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். எல்லாவற்றையும் சீரான தமிழில் எழுதிவைத்தால் அந்தத் தடயம் அழிந்துபோகும்.

இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முக்கியமானவர். போர்க்கால வானொலி நிகழ்ச்சிகளையும் படங்களையும் மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஆராய்ந்த அனுபவத்திலிருந்து, 1946இல் பேட்ரிசியா கெண்டலுடன் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடம். தமிழில் பேசப்பட்டு உலகம் படித்த சான்று வீரம்மாவின் வாழ்க்கை. புதுச்சேரி அருகே கூலி வேலை செய்த அவரிடம் ஆய்வாளர் ஜோசியான் ராசின் சுமார் பத்து ஆண்டுகள் பேசிப் பதிந்தது பிரெஞ்சில் நூலாகி, 1997இல் ஆங்கிலத்திலும் வந்தது. நூலில் வீரம்மாவின் குரல் மட்டுமே ஒலிக்கிறது, கேள்விகள் நீக்கப்பட்டிருக்கின்றன. படிக்கச் சுகம்தான், ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று ஆராய்ச்சியாளருக்குத் தெரியாமல் போகிறது.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? புதிதாக ஒன்றும் வராத கட்டம்வரை என்பதே பொது விதி. கானா, நைஜீரியா நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அலசிய 2006ஆம் ஆண்டு ஆய்வில், முக்கியக் கருத்துகள் முதல் 12 பேச்சுகளிலேயே வந்துவிட்டிருந்தன. ஒரேமாதிரி ஆட்களிடம், ஒரே பொருளைப் பற்றிக் கேட்டால்தான் இது பொருந்தும்.

ஒப்புதல் வாங்குவதோடு பொறுப்பு தீராது. சிறிய ஊரில் பெயரை மாற்றுவது போதாது. ‘மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள விதவை’ என்று எழுதினால் சன்னிதித் தெருவே ஆளைச் சொல்லிவிடும். கடையை மாற்றலாம், பிள்ளைகளின் எண்ணிக்கையை விட்டுவிடலாம். கடன் கொடுத்தவரைப் பற்றி அவர் சொன்னதே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால், அந்தப் பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அச்சுக்குப் போகாது.