மூக்கடைப்போடு ஊருக்குக் கிளம்பும் குழந்தை

ஊருக்குப் போற வாரம் பார்த்துத்தான் குழந்தைக்குச் சளி பிடிக்கும். டிசம்பர் மாசம், வகுப்பில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கிட்டிருப்பாங்க. டிக்கெட்டோ ஆறு மாசம் முன்னாடியே வாங்கினது.

என் மகளுக்கு 4 வயது. லண்டனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானத்தில் சுமார் 10 மணி நேரம். போன டிசம்பரில் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மூக்கு முழுசா அடைச்சிடுச்சு. அம்மா ஊரிலிருந்து வீடியோ காலில் வந்தாங்க. "தேங்காய் எண்ணெயில கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சுல தேய்ச்சு விடுடா. ஆவி பிடிக்க வை."

"கற்பூரம் வேண்டாம்மா. கொஞ்சம் வாய்க்குள்ள போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்."

"உன்னை அப்படித்தான்டா வளர்த்தேன்!"

இதுக்கு மேல வாதாடினால் ஜெயிக்க முடியாது. ஆனா கற்பூர விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கற்பூரம் கலந்த விக்ஸ்கூட 2 வயசுக்குக் கீழே தடவக் கூடாது. கொதிக்கிற பாத்திரத்துக்கு முன்னாடி சின்னப் பிள்ளையைப் போர்வை மூடி உட்கார வைக்கறதும் ஆபத்துதான், கவிழ்ந்தால் தீக்காயம். சுடுதண்ணி ஷவரைத் திறந்துவிட்டு, கதவை மூடி, பாத்ரூமில் குழந்தையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும்.

உண்மையில் விமானத்தில் பிள்ளையைப் படுத்தறது மூக்கைவிடக் காதுதான். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகுது. குழந்தைகளுக்கு அது இன்னும் குறுகல், சாய்வும் குறைவு. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேல் இருக்கிற மாதிரி. மேலே ஏறும்போது காதில் இருக்கிற காற்று தானாக வெளியேறிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகணும். அதுக்கு அந்தக் குழாய் திறக்கணும். விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறக்கும். சளியில் வீங்கியிருந்தால் லேசில் திறக்காது. செவிப்பறை உள்ளே இழுபடும், பிள்ளை அலறும்.

அதனால சளியை இரண்டு நாளில் குணப்படுத்தறது நம்ம வேலை இல்லை. இறங்கற அந்த அரை மணி நேரத்துக்குத் தயாராகறதுதான் வேலை.

எங்களுக்கு உதவினது உப்புநீர்ச் சொட்டு. மருந்துக்கடையில் 5 மில்லி குப்பிகளாகவே கிடைக்குது, கைப்பையில் வைக்கலாம். படுக்க வைத்து ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடைக்கணும். அந்த ஒரு நிமிஷம் அவளை அசையாமல் வைக்க அம்மாவுக்கு வேலை கொடுத்தேன்: வீடியோ காலில் காக்கா நரி கதை. கற்பூரப் பேச்சு அதோடு நின்னுபோச்சு.

மூக்கடைப்பைத் திறக்கற மருந்து ஸ்ப்ரே, சளி சிரப் எதையும் பிரிட்டனில் 6 வயசுக்குக் கீழே கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த சிரப்புக்கும் அதே எச்சரிக்கைதான். தூங்க வைக்கற மருந்து கொடுத்துடலாம்னு யாராவது சொன்னால் கேட்காதீங்க. ஆழ்ந்து தூங்கற பிள்ளை குறைவாகத்தான் விழுங்கும்.

சென்னை விமானம் பெரும்பாலும் பிள்ளைகள் அசந்து தூங்கற நேரத்தில்தான் இறங்குது. எழுப்ப மனசு வராது, ஆனாலும் எழுப்பணும். சீட் பெல்ட் விளக்கு எரியற வரைக்கும் காத்திருக்காதீங்க; தரையிறங்க 40 நிமிஷம் இருக்கும்போதே எழுப்பி, இரண்டு சொட்டு விட்டு, ஸ்ட்ராவில் ஜூஸ் கொடுங்க. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் அல்லது பாட்டில். கடினமான மிட்டாய் சின்னதுகளுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும். என் மகள் எரிச்சலில் ஜூஸைத் தட்டிவிட்டாள். அப்புறம் வாய் நிறையக் காற்றை வைத்து "பலூன் முகம்" காட்டற விளையாட்டு, நடுநடுவே ஒரு வாய் தண்ணீர். காதுவலி வரலை.

காய்ச்சலோட காதையும் பிடிச்சு அழுதால் மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர் காதுக்குள் பார்க்கட்டும். அவர் வேண்டாம்னு சொன்னால் தேதி மாத்தற கட்டணத்தைக் கட்டிடுங்க. பாட்டி வீட்டில் நாலு நாள் காத்திருப்பாங்க.