கடைக்கு இன்டர்நெட் போன் செட் ஆகுமா? லேண்ட்லைனை கட் பண்ணும் முன் பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

ஒரே நம்பரில் பத்து பேர் பேசலாம், மாசக் கட்டணமும் குறைவு... கடை, கிளினிக், டிராவல்ஸ் என எங்கே போனாலும் இன்டர்நெட் போன் விற்பவர்கள் சொல்வது இதைத்தான். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் எல்லா தொழிலுக்கும் இது பொருந்தாது. அவசரப்பட்டு மாறினால், 20 வருஷமா போர்டிலும் காலண்டரிலும் அச்சடித்த நம்பரே கையை விட்டுப் போகலாம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விவரமாகப் பார்ப்போம்.

இன்டர்நெட் போன் என்றால் என்ன?

பழைய லேண்ட்லைனில் குரல் செம்புக் கம்பி வழியாகப் போகும். இன்டர்நெட் போனில் அதே குரல் சின்னச் சின்ன டேட்டா துண்டுகளாகப் பிரிந்து பிராட்பேண்ட் வழியாகப் போகும். வாட்ஸ்அப் காலும் இப்படித்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் இருந்து லேண்ட்லைனுக்குப் பேச முடியாது. தொழிலுக்கான இன்டர்நெட் போனில் தனி நம்பர் கிடைக்கும். எந்த மொபைலுக்கும் லேண்ட்லைனுக்கும் பேசலாம்.

இந்தியாவில் இதற்கான பரிந்துரைகளை டிராய் 2017 அக்டோபரில் கொடுத்தது. 2018-ல் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற சேவையை அறிவித்தது.

இன்னொரு விஷயம். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் ஃபைபர் கனெக்‌ஷனோடு வரும் லேண்ட்லைனும் இதே தொழில்நுட்பம்தான். அதாவது, பலர் ஏற்கெனவே மாறிவிட்டார்கள், அது தெரியாமலேயே!

1. உங்களுக்கு யார், எப்படி போன் செய்கிறார்கள்?

முதலில் ஒரு வாரம் கால்களை எண்ணிப் பாருங்கள். ஒரே ஆள் உட்காரும் மளிகைக் கடைக்கு நாளுக்கு பத்து, பதினைந்து கால்தான் வருகிறது என்றால் மொபைலே போதும். செலவு பண்ண வேண்டாம்.

ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பேர் அழைத்து 'பிஸி' கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள் என்றால் கதை வேறு. கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட்டுக்கு 1, ரிப்போர்ட்டுக்கு 2 என்று பிரித்துவிடலாம். திருப்பூரில் ஆபீஸ், சென்னையில் கிளை என்றால் இரண்டும் ஒரே நம்பரின் எக்ஸ்டென்ஷனாக இருக்கலாம். எத்தனை கால் எடுக்காமல் போனது என்ற கணக்கும் கிடைக்கும். இப்படிப்பட்ட தொழிலுக்குத்தான் இது லாபம்.

2. நெட் எவ்வளவு வேகம் என்பதைவிட, எவ்வளவு சீராக வருகிறது?

ஒரு காலுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 100 கேபிபிஎஸ் இருந்தால் போதும். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் தான். அப்படியானால் 100 எம்பிபிஎஸ் பிளானில் ஏன் குரல் விட்டு விட்டு வருகிறது?

காரணம், தாமதம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லி செகண்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் அளவுகோல். அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து குழப்பம் வரும். சிசிடிவி பதிவுகள் அதே லைனில் அப்லோடு ஆகிக்கொண்டிருந்தால் கால் திணறும். ரவுட்டரில் போனுக்கு முன்னுரிமை கொடுக்கும் செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள்.

3. கரண்ட் போனால்?

பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே கம்பி வழியாக வந்துவிடும். அதனால்தான் தெருவே இருட்டாக இருந்தாலும் அது மணி அடித்தது. இன்டர்நெட் போனுக்கு மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், போன் கருவி எல்லாவற்றுக்கும் உங்கள் கடை கரண்ட்தான்.

பராமரிப்புக்காக காலையில் நிறுத்தும் கரண்ட் மாலைதான் வரும் என்றால், ரவுட்டருக்கு மட்டும் வைக்கும் மினி யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் நம்பர் சேவை நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறது. கடையில் லைன் செத்தாலும், கால் தானாக உங்கள் மொபைலுக்குத் திரும்பும்படி முன்கூட்டியே செட் செய்யலாம். செட் செய்யாமல் விட்டால் அன்றைய வியாபாரம் போச்சு.

4. பழைய நம்பர் கூட வருமா?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மொபைல் நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. பிஎஸ்என்எல் செம்பு லைனில் இருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்குப் போனால் அதே நம்பரைக் கேட்டு வாங்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போனால் புது நம்பர்தான்.

பழைய லைனை சரண்டர் செய்துவிட்டால் அந்த நம்பருக்கு அழைக்கும் பழைய வாடிக்கையாளர் உங்களைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். எனவே சில மாதங்களுக்காவது அந்த லைனை வைத்திருந்து, கால்களைப் புது நம்பருக்குத் திருப்பி விடுங்கள்.

5. விற்பவருக்கு அனுமதி இருக்கிறதா?

எந்த டெலிகாம் நிறுவனத்தின் லைன் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுக் கால் நம்பவே முடியாத மலிவு என்றால் உஷார். அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை தருபவருக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அவர் மாட்டினால் உங்கள் போனும் நின்றுவிடும்.

பாஸ்வேர்டும் முக்கியம். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விட்டால், ராத்திரியில் யாரோ உள்ளே புகுந்து வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளுவார்கள். பில் உங்களுக்கு வரும். தேவையில்லை என்றால் ஐஎஸ்டி-யை லாக் செய்துவிடுங்கள்.

செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

மாசக் கட்டணம் பெரும்பாலும் ஆள் கணக்கில் வரும். அதோடு 18% ஜிஎஸ்டி, போன் கருவி, யுபிஎஸ், இரண்டாவது நெட் கனெக்‌ஷன் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை, இப்போது எடுக்காமல் விடும் கால்களால் போகும் வியாபாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையெழுத்து போடும் முன் ஒரு மாதம் டிரையல் கேளுங்கள். அந்த மாதத்தில் வியாபாரம் சூடாக இருக்கும் நேரமாகப் பார்த்து, மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு வெளியிலிருந்து கடை நம்பருக்கு ஒரு கால் போடச் சொல்லுங்கள். உங்கள் மொபைலில் மணி அடித்தால் தாராளமாக மாறலாம். அடிக்கவில்லை என்றால், அதைச் சரிசெய்து தரும் வரை பழைய லைன் இருக்கட்டும்.