கேமராவும் கணினியும் – 6: அச்சு பிசகினால்...

இணையத்தில் ஒரு மாளிகைக் கூடத்தின் படத்தை விரலால் இழுத்தால், கூடம் நம்மைச் சுற்றி வருகிறது. கைக்கடிகாரம் ஒன்றின் படத்தை இழுத்தால், அது திரும்பி முதுகைக் காட்டுகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வித்தை. எடுப்பவருக்கு நேரெதிர். முன்னது சுற்றுக்காட்சி, ஓர் ஆத்மப் பிரதட்சிணம்: கேமரா நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பின்னது சுழல்பொருள், சந்நிதியை வலம்வருவது: நடுவே பொருள், சுற்றிலும் பார்வை.

சுற்றுக்காட்சி ஆசை பழையது. ஓவியர் ராபர்ட் பார்க்கர் 1787-ல் சுற்றுக்காட்சிக்குக் காப்புரிமை பெற்றார். 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில், வட்டக் கட்டடத்தின் உட்சுவர் முழுக்க ஓவியத்தைப் பரப்பி, மக்களை நடுவில் நிறுத்தினார். 1995-ல் ஆப்பிளின் குவிக்டைம் விஆர், சுற்றுக்காட்சி, சுழல்பொருள் இரண்டையும் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது.

சுற்றுக்காட்சிக்குப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கால்பங்கு, மூன்றிலொரு பங்கு படிய வேண்டும். முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ. லென்சை நெடுக்குவாக்கில் வைத்தால், ஒரு சுற்றுக்குச் சுமார் 10 படங்கள். மேலும் கீழும் தனி. வெளிச்ச அளவு, ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை எதையும் கேமராவின் விருப்பத்துக்கு விடக்கூடாது. விட்டால் ஒரே சுவர் பத்து நிறத்தில் நிற்கும்.

இதைவிட முக்கியம் அச்சு. முக்காலியின் திருகு கேமராவின் உடலைத்தான் பிடிக்கிறது. சுழல வேண்டிய புள்ளியோ லென்சுக்குள் இருக்கிறது. புகைப்படக்காரர்கள் நோடல் பாயின்ட் என்பது இதைத்தான். அதைக் கண்டுபிடிக்க, அருகில் ஒரு குச்சியையும் தொலைவில் ஒரு கம்பத்தையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். கேமராவைத் திருப்பும்போது குச்சி கம்பத்தை விட்டு விலகினால், லென்சை முன்பின் நகர்த்துங்கள். இரண்டும் பிரியாத இடமே சரியான இடம். திறந்த வெளியில் சிறு பிசகு தெரியாது. தூண்கள் நெருங்கிய மண்டபத்தில் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பல்லிளிக்கும்.

ஒட்டும் வேலைக்கு, ஜெர்மனியின் ஹெல்முட் டெர்ஷ் என்ற பேராசிரியர் 1998-ல் பனோரமா டூல்ஸ் மென்பொருளை இலவசமாகத் தந்தார். இன்றைய ஹகின் மென்பொருள் அதன்மேல் எழுந்ததுதான். முடிவில் கிடைப்பது உயரத்தைப்போல் இருமடங்கு அகலமுள்ள ஒரு படம். உலாவி அதை ஒரு கோளத்தின் உட்புறம் போர்த்தி, நம்மை நடுவில் வைக்கிறது.

சுழல்பொருளில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கேமராவும் விளக்கும் அசையாது. சுழல்மேசையில் பொருள்தான் திரும்பும். 10 பாகைக்கு ஒரு படம் என்றால் ஒரு சுற்றுக்கு 36. விரல் இழுக்கும்போது உலாவி அவற்றை வரிசையாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் பொருளின் நடு மேசையின் நடுவோடு பொருந்தாவிட்டால், திரையில் அது தள்ளாடும். படம் ஒன்று 100 கேபி என்றாலும் மொத்தம் 3.6 எம்பி, ஆகவே முதல் படத்தை உடனே காட்டி, மற்றவற்றைப் பின்னால் இறக்குவதே நல்ல பழக்கம்.

குவிக்டைம் விஆர் வழக்கொழிந்தது. அடுத்து வந்த ஃபிளாஷுக்கான ஆதரவும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அவற்றை நம்பி, முடிந்த கோப்பை மட்டும் வைத்திருந்தவர்களிடம் இன்று திறக்காத கோப்புகள்தான் மிச்சம். மூலப் படங்களைக் காத்தவர்கள் அவற்றையே இன்றைய உலாவிகளின் வெப்ஜிஎல் முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். நீங்களும் ஒட்டி முடித்ததும் மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள்.

(தொடரும்)