முப்பது சதவீதம் எடுத்து வை!

வேன்களில் ஒரு கூட்டம் வந்து இறங்கும். சிலர் கையில் துப்பாக்கி இருக்கும். “ஒப்பந்தத் தொகையில் முப்பது சதவீதம் எங்களுக்கு” என்பார்கள். மறுத்தால் அன்றோடு வேலை நிற்கும். தென்னாப்பிரிக்காவில் சுமார் பத்தாண்டுகளாக நடக்கும் கதை இது. டர்பனை ஒட்டிய உம்லாசி, குவாமாஷு பகுதிகளில் தலையெடுத்த இந்தக் கும்பல்கள் தங்களை ‘பிசினஸ் ஃபோரம்’ என்று சொல்லிக்கொள்கின்றன. பத்திரிகைகள் எழுதுவது ‘கட்டுமான மாஃபியா’ என்று.

முப்பது என்ற கணக்கைக் கொடுத்தது அரசேதான். 3 கோடி ராண்டுக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தங்களில், முடிந்த இடங்களில், 30 சதவீத வேலையைக் கறுப்பினத்தவரின் சிறு நிறுவனங்கள் போன்றவற்றுக்கு உள்குத்தகையாகத் தரவேண்டும் என்றது 2017 கொள்முதல் விதி. நிறவெறி ஆட்சி ஒதுக்கி வைத்தவர்களுக்குத் தொழிலில் இடம் தரும் நியாயமான ஏற்பாடுதான். கும்பல்களோ வேலையே செய்யாமல் பங்கு கேட்டன. 2023 ஜனவரியில் வந்த புதிய விதிகளில் அந்தப் பிரிவு இல்லை. மிரட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது.

2019இல் மட்டும் 183 திட்டங்கள், 6,300 கோடி ராண்டுக்கு மேற்பட்ட வேலை, பாதிக்கப்பட்டதாகக் கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. அந்த ஆண்டு மார்ச்சில் சல்டானா விரிகுடாவில் 240 கோடி ராண்ட் எண்ணெய்க் கிடங்குத் தளத்தில் ஆயுதக் கும்பல் நுழைந்து வேலையை முடக்கியது.

ம்டென்டு பாலத்தின் கதை இன்னும் சிக்கலானது. கிழக்குக் கேப் மாகாணத்தில், ஆழமான பள்ளத்தாக்கின் மேல் சுமார் 220 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டிய நெடுஞ்சாலைப் பாலம் அது. அவெங், ஸ்ட்ராபாக் கூட்டு நிறுவனம் சுமார் 165 கோடி ராண்டுக்கு எடுத்திருந்தது. 2018 அக்டோபரில் உள்ளூர்ப் போராட்டமும் மிரட்டலும் வெடித்து வேலை நின்றது. ஆட்களின் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, 2019 தொடக்கத்தில் நிறுவனம் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. நெடுஞ்சாலை ஆணையம் அதை ஏற்கவில்லை. உத்தரவாதத் தொகையைக் கேட்டது. தடுக்கக் கோரி வழக்குப் போட்ட நிறுவனம், 2020இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பின்னர் வேறொரு கூட்டு நிறுவனத்துக்குப் பாலம் கைமாறியபோது ஒப்பந்த மதிப்பு சுமார் 405 கோடி ராண்ட். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் இது கொஞ்சநஞ்சத் தொகை அல்ல.

பலர் சத்தமில்லாமல் மாமூல் கொடுத்துவிடுவதில் ஆச்சரியம் என்ன? கிரேன் சும்மா நின்றாலும் வாடகை ஓடும். வேலை தாமதமானால் அபராதம். கொடுத்த பணம் அடுத்த டெண்டர் விலையில் ஏறிவிடும். அந்த விலையைக் கொடுப்பவர் வரி செலுத்தும் குடிமகன். உயிரும் போகிறது: 2023 பிப்ரவரியில், கேப் டவுனின் டெல்ஃப்ட் பகுதியில், ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத் தளத்திலேயே மாநகராட்சி அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2024 நவம்பரில் பொதுப்பணி அமைச்சர் டீன் மெக்ஃபெர்சன் இந்த மிரட்டலை ஒழிக்க டர்பனில் மாநாடு கூட்டி, ஒரு பிரகடனமும் வெளியிட்டார். வரவேற்கலாம். ஆனால் துப்பாக்கியோடு வருபவனை ‘உள்ளூர்ப் பிரதிநிதி’ என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தது இதே அரசு அமைப்புகள்தான். எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பிரகடனத்தை நான் மதிப்பேன்.