ஒரு பெயர், இரு மாகாணம்

மலையும் ஆறும் மாகாணங்களுக்கு இயற்கை வகுத்த எல்லைகள் எனப் பூமிசாத்திர நூல்கள் கூறும். மனிதன் வகுக்கும் எல்லை எத்தன்மையது என்று அறிய விரும்பும் மாணவர், கொரியாவின் படத்தை விரித்துக் கிழக்குக் கரையிலுள்ள கங்வொன் மாகாணத்தை நோக்குவாராக.

1395 இல், சோசன் அரசர் காலத்தில், கங்நுங், வொன்ஜூ என்னும் இரு நகரங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இம்மாகாணத்துக்குப் பெயரிட்டனர். கங்நுங் கடலோரத்தது, வொன்ஜூ மலைக்கு மேற்கேயுள்ளது. நடுவே தேபெக் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீள்கின்றது. கிழக்கே மலை செங்குத்தாய் இறங்குவதால் கரையோர நிலம் ஒடுங்கியது, ஆறுகள் குறுகியன. மேற்கே சரிவு மெல்லத் தாழ்வதால் ஹன் ஆற்றின் கிளைகள் நீண்டு பாய்கின்றன. வடமேல் குளிர்காற்றை மலை தடுப்பதால், பனிக்காலத்திற் கிழக்குக் கரையில் மேற்கினும் குளிர் குறைவு. இவ்வாறு நிலமும் காற்றும் வேறுபட்டபோதும், 832 மீற்றர் உயரமான தேகுவல்யொங் கணவாய் இரு பக்கத்தாரையும் இணைத்து வைத்தது.

1945 இல் 38 ஆம் அகலக்கோடு இம்மாகாணத்தைப் பிளந்தது. 1953 யூலையிற் கைச்சாத்தான போர்நிறுத்தத்தால் எல்லை இங்கு வடக்கே நகர்ந்தது. அதனாற் சொக்சோ முதலிய ஊர்கள் தென்கொரியாவைச் சேர்ந்தன. தென்பகுதியில் இன்று 7 நகரங்களும் 11 மாவட்டங்களும் உள, தலைநகர் சுன்சொன். 2023 இல் அது சிறப்புத் தன்னாட்சி மாகாணமாயிற்று. வடபகுதியும் கங்வொன் என்றே வழங்கும். அதன் தலைநகர், 1946 இல் அதனோடு சேர்க்கப்பட்ட வொன்சான் துறைமுகம். சொர்வொன், கோசொங் என்னும் மாவட்டங்களோ எல்லையின் இரு பக்கத்தும் உள. பெயர் ஒன்று, நிருவாகம் இரண்டு.

சியோலிலிருந்து வொன்சான்வரை 1914 இற் பூர்த்தியான புகையிரதப்பாதை சொர்வொன் வழியே சென்றது. இன்று தெற்கிலிருந்து வருபவர் எல்லையைக் கடந்து அவ்வழியே செல்லல் இயலாது. பிரிந்த குடும்பத்தினருட் சிலர் மாத்திரம், வடபகுதியிலுள்ள கும்காங் மலைப்பிரதேசத்திற் சில நாள் சந்திக்க அநுமதி பெற்றனர். 2018 ஓகஸ்டில் நடந்த சந்திப்பில், தள்ளாத வயதுத் தாய்மாரும் நரைத்த பிள்ளைகளும் ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்குப்பின் ஒருவரையொருவர் கண்டனர். அதன்பின் அத்தகைய சந்திப்பு நடைபெறவில்லை.

அக்கும்காங் மலைப்பகுதியிலே தோன்றும் வடஹன் ஆறு, எல்லையைக் கடந்து தெற்கே சுன்சொன் நகரை அடைகின்றது. ஆற்றுக்குள்ள வழி மனிதருக்கு இல்லை. படத்தில் மெல்லிய கோடாய்த் தோன்றும் இவ்வெல்லையைப் பரீட்சைக்காகப் பாடஞ்செய்யும் மாணவர், அதன் இரு பக்கத்தும் ஒரே குடும்பத்தவர் வாழ்ந்தமையையும் நினைவிற் கொள்வாராக.