உறங்காத விதைகள்

குளிர்நாட்டில் கண்ணாடி வீடமைத்துச் செடி வளர்க்கும் அன்பர்களோடு விதைகளை மாற்றிக்கொள்வது என் நெடுநாளைய வழக்கம். கத்தரி விதையை அனுப்புவதில் தொல்லையில்லை. உலர்த்தி உறையிலிட்டால், ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். பலா, மா, ரப்பர் முதலிய வெப்பநாட்டு மரங்களின் விதைகளோ அவ்வாறு உறங்க அறியா. மழையும் வெம்மையும் மிக்க நிலத்தில், வீழ்ந்தவுடன் முளைப்பதே அவற்றின் இயல்பு. உலர்ந்தால் மடிந்துவிடும், கடுங்குளிரையும் தாங்கா.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குச் சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே! அக்கன்றுகளுட் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன.

ஆகவே, மாணவ நண்பர்களே, இத்தகைய விதையைப் பழத்தினின்று எடுத்தவுடன் கழுவி, சற்றே ஈரமான தென்னைநார்த்தூளில் பொதிந்து, விரைவில் அனுப்புதல் வேண்டும். எவ்விதையாயினும், நோயும் பூச்சியும் உடன் செல்லாதிருக்க, பெறும் நாட்டின் விதிப்படி தாவர நலச் சான்றிதழ் பெறுவதும் கடமையாகும்.

2008ஆம் ஆண்டில் நார்வே நாடு ஸ்வால்பார்டுத் தீவுக்கூட்டத்தில் உலக விதைக் காப்பகம் ஒன்றைத் திறந்தது. அங்கே நெல்லும் கோதுமையும் பூச்சியத்திற்குக் கீழே 18 பாகைக் குளிரில் உறங்குகின்றன. பலா விதைக்கு அங்கே வாழ்வில்லை. அதனை நட்டு வளர்ப்பவரின் தோட்டமே அதற்குக் காப்பகம். கைக்குக் கை மாறி, மண்ணுக்கு மண் பரவினால்தான் அதன் குலம் நிலைக்கும்.